‘ஆரவ்’ என்றால் கூச்சலா? குழந்தைப் பெயரில் பொருளை எவ்வளவு தூரம் பார்ப்பது

நீங்கள் கேட்டது இது: பிறக்கப்போகும் மகனுக்கு ‘ஆரவ்’ என்று பெயர் வைக்க நீங்களும் கணவரும் முடிவு செய்துவிட்டீர்கள். பெயர்ப் பட்டியல்களில் ‘அமைதியானவன்’ என்று போட்டிருக்கிறது. வடமொழி அகராதியைப் புரட்டிய பெரியப்பா, “அதுக்குக் கூச்சல்னுதான் அர்த்தம்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. பெயரை மாற்ற வேண்டுமா, பொருளை இவ்வளவு பார்க்கத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை.

உங்கள் பெரியப்பா சொன்னது சரி. சம்ஸ்கிருதத்தில் ‘ஆரவ’ என்பதற்கு ஒலி, சத்தம், கூவல், முழக்கம் என்றுதான் பொருள். தமிழிலும் ‘ஆரவம்’ என்றால் ஒலிதான். ‘அமைதி’ என்ற பொருள் எந்த நல்ல அகராதியிலும் கிடையாது. அது பட்டியல் போட்டவர்கள் சேர்த்துக்கொண்டது. ஆனால் இதற்காக நீங்கள் பெயரை மாற்ற வேண்டியதில்லை என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘பொருள் முக்கியமே இல்லை, ஒலி நன்றாக இருந்தால் போதும்’ என்ற கட்சியில் நான் இல்லை.

தமிழ் இலக்கணத்தில் காரணப் பெயர், இடுகுறிப் பெயர் என்று ஒரு பாகுபாடு உண்டு. பறப்பதால் பறவை, அது காரணப் பெயர். மரத்துக்கு மரம் என்று ஏன் பெயர் என்று கேட்டால் பதில் இல்லை, அது இடுகுறி. மனிதப் பெயர் இந்த இரண்டுமாகவும் இருக்கிறது. வைக்கிற அன்று பெற்றோருக்கு அது காரணப் பெயர். மறுநாள் முதல் ஊரார் அத்தனை பேருக்கும் இடுகுறிப் பெயர். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் இதையே ஓர் ஊரை வைத்து விளக்கினார். இங்கிலாந்தில் டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் (ஆங்கிலத்தில் ‘மவுத்’) இருப்பதால் டார்ட்மத் என்று பெயர் வந்தது. நாளைக்கு மணல் அடைத்து ஆறு வேறு பக்கம் போனாலும் ஊரின் பெயரை யாரும் மாற்றப் போவதில்லை. பெயர் வந்த காரணம் போன பிறகும் பெயர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

நாம் வாழ்த்தோடு வைக்கிற பல பெயர்களின் வேரைத் தோண்டினால் இது விளங்கும். செசிலியா என்ற பெயரை வேரோடு பார்த்தால் ‘பார்வையற்ற’ என்ற லத்தீன் சொல் இருக்கிறது. கிளாடியாவின் வேர் ‘கால் நொண்டிய’. கால்வின் ‘வழுக்கைத் தலை’. பால் ‘சிறியவன்’. இவற்றைக் கேட்கிற யாருக்கும் இந்தப் பொருள்கள் தோன்றுவதில்லை. செசிலியா என்றதும் கிறிஸ்தவர்களுக்கு இசைக்கலைஞர்களைக் காக்கும் புனிதர் நினைவுக்கு வருவார், பார்வையின்மை அல்ல. நம் பக்கம் வந்தால், கிருஷ்ணன் என்பதற்குக் ‘கரியவன்’ என்று பொருள். நிறத்தை நினைத்தா அந்தப் பெயரை வைக்கிறோம்? கரிகாலன் என்ற பெயருக்குத் தீயில் கருகிய காலை உடையவன் என்று விளக்கம் சொல்வார்கள். கேட்பவர் காதில் விழுவது சோழ அரசனின் வீரம் மட்டுமே.

இதைவிடத் தெளிவான சாட்சி இரண்டு இதிகாசங்களிலும் இருக்கிறது. விபீஷணன் என்ற சொல்லுக்கு ‘அச்சமூட்டுபவன்’ என்று பொருள். ராமாயணத்தில் அந்தப் பெயரோடு வருபவர் நியாயத்தின் பக்கம் நின்றவர். துரியோதனன் என்றால் ‘போரில் வெல்வதற்கு அரியவன்’. ஒரு தகப்பன் மகனுக்கு ஆசைப்படக்கூடிய பொருள்தான். இருந்தும் அதை யாரும் வைப்பதில்லை. ஜெர்மனியில் அடால்ஃப் என்றால் ‘உயர்குடி ஓநாய்’, பழைய ஜெர்மானியக் கணக்கில் கௌரவமான பெயர். 1945க்குப் பிறகு அதைக் குழந்தைக்கு வைப்பது கிட்டத்தட்ட நின்றே போனது. பெயரைச் சுமந்த ஆளும் அகராதியும் மோதினால் ஆள்தான் ஜெயிக்கிறார்.

அப்படியானால் பொருளைப் பார்க்கவே வேண்டாமா? கட்டாயம் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது, குழந்தையைத் தினமும் கூப்பிடுகிறவர்கள் காதில் எந்தப் பொருள் விழுகிறது என்பதை. செசிலியாவின் பொருள் உறங்கிப்போனது. விழித்திருக்கும் பொருள் வேறு ஜாதி. அது ஒவ்வொரு அழைப்பிலும் சேர்ந்தே ஒலிக்கும்.

மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். பெண் குழந்தை வேண்டாம் என்று நினைத்த குடும்பங்கள், பிறந்த பெண்ணுக்கு ‘நகுஷா’ என்று பெயர் வைத்தன. மராத்தியில் ‘வேண்டாதவள்’. இங்கே அகராதி எதுவும் தேவையில்லை. பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது, தோழி வாசலில் நின்று கூப்பிடும்போது, அம்மா சாப்பிட அழைக்கும்போது, ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் ‘வேண்டாதவளே’ என்றுதான் கேட்டு வளர்ந்தாள். 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் இப்படிப் பெயர் கொண்ட 285 பெண்களுக்கு ஒரு விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டியது. அவர்களில் பலர் தங்களுக்கான பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். தமிழிலும் ‘போதும்பொண்ணு’ என்ற பெயரோடு வளர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். இதைக் கேட்டும் ‘பெயரில் என்ன இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். வீட்டில் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைப் பேச்சு வந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் கணக்கு ஒருதலையாகிவிடும். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீடுகளில், அடுத்த குழந்தையாவது தங்க வேண்டும் என்று வேண்டுமென்றே மட்டமான பெயர் வைப்பார்கள். மங்கோலியாவில் ‘நெர்குய்’ என்றால் ‘பெயர் இல்லை’. ‘எனெபிஷ்’ என்றால் ‘இது இல்லை’. ‘ஹுன்பிஷ்’ என்றால் ‘மனிதன் அல்ல’. தீய சக்தி ஏமாந்து குழந்தையை விட்டுப் போய்விடும் என்ற நம்பிக்கை. நம்மிடையே குப்பன், பிச்சை என்ற பெயர்கள் பிறந்ததும் அப்படித்தான். நகுஷாவையும் நெர்குய்யையும் அகராதியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே கெட்ட பொருள்தான். ஒன்றில் வெறுப்பு, மற்றொன்றில் இழந்துவிடுவோமோ என்ற பயமும் பாசமும். மங்கோலியப் பிள்ளைக்குத் தன் பெயரின் கதை தெரியும், ஊருக்கும் தெரியும். பெயர் ஏன் வந்தது என்ற கதை, பெயரின் சொற்பொருளையே புரட்டிப் போடும் வலு உள்ளது.

சில சமூகங்களில் பொருள் என்பது குணமோ வாழ்த்தோ கூட அல்ல. கானாவின் அகான் மக்கள் பிறந்த கிழமையைப் பெயராக வைப்பார்கள். வெள்ளியன்று பிறந்த ஆண் கோஃபி, சனியன்று பிறந்தவன் க்வாமே. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1938 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை பிறந்தவர். ‘வெள்ளிக்கிழமை’ என்ற பெயரில் பெருமைப்படவோ வெட்கப்படவோ எதுவும் இல்லை. நம் கூட்டத்தில் பிறந்தவன் என்ற உரிமை மட்டும் இருக்கிறது. ஒரு பெயருக்கு அது போதும் என்று கோடிக்கணக்கானவர்கள் நினைக்கிறார்கள்.

பொருள் ரொம்பவும் விழித்திருந்தால் அரசே தலையிடுவதும் உண்டு. 1993இல் ஜப்பானில் ஒரு தகப்பனார் மகனுக்கு ‘அகுமா’ (பிசாசு) என்று பெயர் பதியப் போய், அது நீதிமன்றம் வரை போனது. நியூசிலாந்தில் 2008இல் ஒரு ஒன்பது வயதுச் சிறுமி தன் பெயரைத் தோழிகளிடம் சொல்லவே கூசினாள். ‘டலூலா ஹவாயிலிருந்து ஹூலா ஆடுகிறாள்’ என்று முழு வாக்கியமே அவள் பெயர். பெயரை மாற்றுவதற்காகவே நீதிமன்றம் அவளைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. ஐஸ்லாந்தில் மறுபக்கம் நடந்தது. ‘ப்ளேர்’ என்றால் அங்கே இளங்காற்று. இலக்கணப்படி அது ஆண்பால் சொல் என்று சொல்லி, பெண்ணுக்கு வைக்க, பெயர்களை அங்கீகரிக்கும் அரசுக் குழு அனுமதிக்கவில்லை. பதினைந்து வயது வரை அரசு ஆவணங்களில் ‘பெண்’ என்றே குறிக்கப்பட்டு வந்தவள், 2013 ஜனவரியில் வழக்கில் ஜெயித்துத் தன் பெயரைப் பெற்றாள். சட்டம் பார்த்தது இலக்கணத்தை. அவளுக்கு அது அம்மா ஆசையாக வைத்த பெயர்.

இனி பட்டியல்களைப் பற்றி. இதில்தான் நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள். உங்களைப் போல ஏராளமானோர். வனேசா என்ற பெயரைத் தேடினால் ‘பட்டாம்பூச்சி’ என்று வரும். உண்மையில் இந்தப் பெயரை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொனாதன் ஸ்விஃப்ட் என்ற எழுத்தாளர் உருவாக்கினார். எஸ்தர் வனோம்ரி என்ற தோழியின் குடும்பப் பெயரிலிருந்து ‘வன்’, எஸ்தரின் செல்லப் பெயரிலிருந்து ‘எஸா’. இரண்டையும் ஒட்டினார், அவ்வளவுதான். பல பத்தாண்டுகள் கழித்து, 1807இல், ஃபப்ரீசியஸ் என்ற பூச்சியியலாளர் ஒரு பட்டாம்பூச்சிப் பேரினத்துக்கு வனேசா என்று பெயர் வைத்தார். பட்டாம்பூச்சிக்குத்தான் இந்தப் பெயர் போனதே தவிர, பட்டாம்பூச்சியிலிருந்து வரவில்லை. பட்டியல் அதைத் தலைகீழாக்கிவிட்டது. கியாராவும் இப்படித்தான். இத்தாலிய ‘கியாரா’ என்றால் ஒளிமிக்க, தெளிந்த. அயர்லாந்தின் ‘கியாரா’ கருங்கூந்தலைக் குறிக்கும். இரண்டு வேர், நேர் எதிரான இரண்டு பொருள். பட்டியலில் நல்லதாகத் தோன்றிய ஒன்று மட்டும் நிற்கிறது.

பட்டியலில் கெட்ட பொருள் கொண்ட பெயரைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாமே ஒளி, அமைதி, தனித்துவம், கடவுளின் பரிசு. வேர் தெரியாத பெயருக்கும் இந்த நாலில் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். ஒரு பட்டியலில் இருப்பதை அடுத்தது அப்படியே எடுத்துப் போடும். பத்து இடத்தில் ஒரே பொருள் இருக்கிறது என்றால் பத்து பேர் ஆராய்ந்தார்கள் என்று அர்த்தமில்லை. பொருள் உங்களுக்கு முக்கியம் என்றால் மூல அகராதிக்குப் போங்கள். வடமொழிப் பெயர் என்றால் மோனியர் வில்லியம்ஸ் அகராதி. தமிழ்ப் பெயர் என்றால் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சொல் அகராதியிலேயே இல்லையென்றால், அது புதிதாக உண்டாக்கிய பெயர் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. பொய்ப் பொருளை ஒட்டாமல் இருந்தால் சரி.

வடமொழிப் பெயரைத் தமிழில் எழுதித் தேடும்போது ஒரு கண் வேண்டும். நம் எழுத்தில் ப, த, க எல்லாம் பல ஒலிகளுக்கு நிற்கும். ‘பவன்’ என்று எழுதினால் அது காற்றாகவும் இருக்கலாம், வீடு என்ற பொருள் தரும் சொல்லாகவும் இருக்கலாம். ‘சுதா’ அமுதமா, மகளா என்பதும் அப்படித்தான். எந்த ஒலி என்று தெரிந்துகொண்டு தேடுங்கள்.

அதைவிட அவசியமாக நான் பார்க்கச் சொல்வது, வீட்டில் எப்படிச் சுருக்கிக் கூப்பிடுவீர்கள் என்பது. முழுப் பெயர் சான்றிதழில் இருக்கும். குழந்தை கேட்டு வளர்வது சுருக்கத்தை. வடமொழிப் பெயர்கள் பலவற்றில் முதலில் வரும் ‘அ’ இல்லை என்பதைக் குறிக்கும். அபயா என்றால் பயமற்றவள். முதல் எழுத்தை விழுங்கி ‘பயா’ என்று கூப்பிட்டால் எஞ்சுவது பயம். அசோகன் சோகமற்றவன், ‘சோகா’ என்று கூப்பிட்டுப் பாருங்கள். அமிர்தா சாவில்லாதவள், அ போனால் மீதி இருக்கும் ‘மிருத’ இறந்ததைக் குறிக்கும் சொல். கயல்விழி, அன்புச்செல்வன் போன்ற தமிழ்ப் பெயர்களில் இந்தச் சிக்கல் இல்லை. கயல் என்றாலும் அன்பு என்றாலும் நல்லதாகவே நிற்கும். முடிவு செய்த பெயரைச் செல்லமாக, கோபமாக, வாசலில் நின்று உரக்க, மூன்று விதமாகவும் கூப்பிட்டுக் கேளுங்கள். தமிழ் பேசும் சூழலில் பிள்ளை வளரப் போகிறது என்றால், பெயர் தமிழ்க் காதுக்கு எந்தச் சொல்லை நினைவூட்டுகிறது என்றும் கேளுங்கள். வகுப்பில் கேலி செய்கிற பிள்ளைகள் அகராதி பார்த்துக் கேலி செய்வதில்லை.

காலமும் புதுப் பொருளைக் கொண்டுவந்து ஒட்டும். அலெக்ஸா என்பது அலெக்ஸாண்டரின் பெண்பால் வடிவம், ‘காப்பவள்’ என்று கொள்ளலாம். அமேசான் 2014இல் தன் குரல் கருவிக்கு அந்தப் பெயரை வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் அந்தப் பெயர் வைப்பது வேகமாகச் சரிந்தது. ஏற்கெனவே அலெக்ஸாவாக இருந்த சிறுமிகளிடம் ‘அலெக்ஸா, பாட்டுப் போடு’ என்று மற்ற பிள்ளைகள் ஏவ ஆரம்பித்தார்கள். எந்தப் பெற்றோராலும் இதை முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது. ஆகவே பொருளை எவ்வளவு அலசினாலும் முழுக் கட்டுப்பாடு உங்கள் கையில் இல்லை.

பொருள் பிள்ளையின் குணத்தையும் விதியையும் தீர்மானிக்குமா என்ற கவலையும் உங்கள் கேள்விக்குள் இருப்பதாக நினைக்கிறேன். கூச்சல் என்று பெயர் வைத்தால் பிள்ளை அடங்காதவனாக வளர்வானோ என்று. அதற்கு ஆதாரம் கிடையாது. பெயரும் தொழிலும் ஒத்துப்போகிறது என்று 2002இல் ஓர் ஆய்வு வந்தது. டென்னிஸ் என்ற பெயருள்ளவர்கள் டென்டிஸ்ட் ஆவது அதிகம் என்றார்கள். 2011இல் யூரி சைமன்சோன் என்ற ஆய்வாளர் அதைத் திரும்ப அலசி, பல் மருத்துவர்களின் வயதுக்காரர்களிடையே டென்னிஸ் என்ற பெயரே அதிகம் புழங்கியது என்று காட்டினார். இதுவும் ஒலியைப் பற்றிய பேச்சுதான், பொருளைப் பற்றி அல்ல. குழந்தைகள் ஏறக்குறைய நாலரை மாதத்தில் தங்கள் பெயரின் ஒலியை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்தறிகிறார்கள் என்று 1995இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த வயதில் பெயர் என்பது அம்மாவின் குரலில் வரும் ஓர் ஒலி, அவ்வளவே.

பெயர் வாழ்க்கையைத் தொடுவது வேறு வழியில். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 போலி வேலை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஒத்த தகுதிகள்தான், பெயர்தான் வேறு. எமிலி போல வெள்ளையர் பெயராகத் தோன்றியவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றியவற்றைவிட 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. எமிலி என்ற பெயருக்கு என்ன பொருள் என்று அந்த நிறுவனங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெயர் எந்தக் கூட்டத்தைக் காட்டுகிறது என்று பார்த்தார்கள். இது பெற்றோரின் குற்றம் அல்ல, சமூகத்தின் குற்றம். இதற்குப் பயந்து உங்கள் மொழிப் பெயரை விட்டுவிடாதீர்கள் என்பது என் கருத்து.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஆரவ்’ உறங்கும் பொருளா, விழித்திருக்கும் பொருளா? பாதி விழித்திருக்கிறது. தமிழ் கேட்பவருக்கு ஆரவாரம் நினைவுக்கு வரலாம். ஆனால் நகுஷாவைப் போல அதில் அவமதிப்பு இல்லை. ஒலி என்பது இழிவான பொருள் அல்ல. சங்கின் முழக்கம், அலையின் ஓசை எல்லாம் அதில் அடங்கும். நீங்களும் கணவரும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகி, வயிற்றில் இருக்கும் பிள்ளையை அப்படியே கூப்பிட்டும் வருகிறீர்கள் என்றால், வைத்துக்கொள்ளுங்கள். ‘அமைதியானவன்’ என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். மகன் கேட்டால் ‘முழக்கம்’ என்று சொல்லுங்கள். பத்து வயதில் அவனே அகராதி பார்ப்பான். அப்போது நீங்கள் சொன்னது சரியாக இருக்கட்டும். பெரியப்பாவிடமும் ‘நீங்க சொன்னது சரி பெரியப்பா, அந்தப் பொருளையே ஏத்துக்கிட்டோம்’ என்று சொல்லிவிடுங்கள். அகராதி புரட்டிப் பார்க்கும் அளவுக்கு அக்கறை உள்ளவரை எதிரியாக்க வேண்டாம்.

ஆனால் ‘அமைதி’ என்ற பொருளுக்காகவே அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தால், கதை வேறு. ஒரு கலக்கமான காலத்தைத் தாண்டி வந்து, பிள்ளைக்கு அமைதியைப் பெயராக வைக்க வேண்டும் என்று நினைத்தீர்கள் என்றால், ஆரவ் அதைச் சொல்லாது. அப்போது மாற்றுங்கள். சாந்தன், பிரசாந்த் என்ற பெயர்களுக்கு உண்மையிலேயே அமைதி என்ற பொருள் இருக்கிறது. தமிழிலேயே வேண்டுமென்றால் ‘அமுதன்’ என்று, ‘அமைதி’க்கு ஒலியில் நெருங்கி வரும் பெயரை யோசிக்கலாம். பொருள் அமைதி அல்ல, அமுதம் என்று தெரிந்தே வைக்கலாம்.

இந்தப் பெயரை ஏற்கெனவே வைத்துவிட்டு இதைப் படிப்பவர்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஓடி விளையாடும் பிள்ளையின் பெயரை அகராதிக்காக மாற்றினால், அவன் தன்னுடையது என்று அறிந்த ஒலியைப் பிடுங்குவதாகும். பெயரால் பிள்ளை தினமும் கூசினால், கேலிக்கு ஆளானால், அல்லது தானே மாற்றக் கேட்டால் மட்டும் மாற்றுங்கள். அப்போது புதுப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள்.